போகும் பாதைக்கும் ஒரு குறி

கொட்டும் மழையிலும் குடை கேட்காமல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தெருத்தலைவர் பாக் தர்ஜோனோ அவர்களே! முன்வரிசையில் கிராம்புச் சுருட்டை அணைத்துவிட்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! விடியுமுன் எழுந்து மஞ்சள் சோற்றைக் கோபுரமாய்க் குவித்த தாய்மார்களே! கைப்பேசியை மடியில் மறைத்து விளையாடும் கடைசி வரிசைக் காளைகளே! எல்லோர் மீதும் அமைதி நிலவட்டும் என்று வேண்டி, லஸ்மினி வணங்குகிறேன்.

என் தங்கை முர்னியாத்தியின் மகளுக்கு இன்று முப்பத்தைந்தாம் நாள். முடி இறக்கியாயிற்று, விருந்தும் காத்திருக்கிறது. நன்றி சொல்ல என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். யாருக்கு நன்றி? செருப்பைத் தூக்கிக்கொண்டு நான் அடிக்கப் போன மனிதருக்கு!

சிரிக்காதீர்கள் பாக் கஸ்மாடி. அன்று நீங்களும்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

நம் நாற்பது வீட்டுக்கும் மலையேறி வருவது ஒரே ஓர் இணைய இணைப்பு. அதைக் காவல் கொட்டகையில் ஒரு சின்ன ரவுட்டரில் வாங்கி, வீடு வீடாகப் பங்கிடுகிறவர் நம் எல்லோருக்கும் அண்ணன், மாஸ் வியோத்தோ. பங்கு என்றால் சண்டை வராதா? வந்தது! பந்தாட்டம் ஓடினால் பிள்ளைகளின் பாடம் நின்றது. பாடம் ஓடினால் படம் நின்றது. யாரையும் அதட்டாமல் அவர் ஒரு வழி கண்டார். உள்ளே வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் ஒரு குறி! வறுத்த சோறு கட்டும் கடையில் காரப் பொட்டலத்துக்கு இரண்டு ரப்பர் வளையம் போடுகிறார்களே, அப்படி. குறி பார்த்துப் பிரித்து, மருத்துவச்சி நிலையத்துக்கு முதல் வழி, பாடத்துக்கு அடுத்த வழி, ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் அதற்குப் பின் என்று ஒழுங்கு செய்தார்.

ஆனால் வருவதற்குக் குறி வைத்தவர், வெளியே போவதற்கு வைக்கவில்லை. ஏன்? நம் மலையில் எல்லோரும் பார்ப்பவர்கள். இங்கிருந்து எதை, யாருக்குக் காட்டப் போகிறோம்? காட்டுகிறவள் நான் ஒருத்திதான்! மாலைதோறும் நேரலையில் பாத்திக் நைட்டி விற்கிறேன். போகும் பாதை முழுவதும் என் நைட்டிதான் போய்க்கொண்டிருந்தது.

அன்றும் இதே போல் மழை. மண் சரிந்து நகரத்துச் சாலை மூடியது. நான் நேரலையில் இருந்தேன். முர்னியாத்தி நான்கு முறை அழைத்தாள். எடுத்தால் படம் அறுந்துவிடும். நான்கு முறையும் துண்டித்தேன். தாய்மார்களே, இந்தக் கையால்தான் துண்டித்தேன்.

திடீரென்று என் படம் உறைந்தது. கோபம் தலைக்கேற, கொட்டகைக்கு ஓடினேன். "யோவ் மாஸ்! எம்பது பேரு பாத்துக்கிட்டு இருந்தாங்க. என் பொழப்புல ஏன்யா மண்ணள்ளிப் போடுற?"

அவர் திரும்பக்கூட இல்லை; ஆனாலும் அம்மா என்ற மரியாதை குறையாமல் சொன்னார்: "செருப்பக் கீழ போடுங்க இபு. போற பக்கம் குறி வைக்காம விட்டுட்டேன், என் தப்பு. இவங்களுக்கு டாக்டர் தெரியுறாரு, டாக்டருக்கு இவங்க தெரியல."

"எவங்களுக்கு?"

"உங்க தங்கச்சிக்குத்தான்!"

கொட்டகையை ஒட்டித்தானே மருத்துவச்சி நிலையம்? சன்னல் வழியே, காணொளி அழைப்பில் நகரத்து மருத்துவரின் குரல் கேட்டது. "கால் முதல்ல வருதுங்கிறீங்க. படம் இல்லாம நான் எதப் பாத்துச் சொல்றது, சிஸ்டர்?" அந்தப் படம் போகும் வழியை அடைத்து நின்றது யார்? நானல்லவா!

மாஸ் வியோத்தோ கணினியில் கடைசிக் கட்டளையைத் தட்டினார். போகும் பொட்டலத்துக்கும் குறி விழுந்தது. "ஆங், தெரியுது! இழுக்காதீங்க, கைய எடுங்க. தானா வரட்டும்!" என்றார் மருத்துவர். தானாகவே வந்தாள் எங்கள் மகள். வந்து, ஊர் கேட்க அழுதாள்.

பிறகு அவரிடம் கேட்டேன்: "என் நேரலைய ஒரேயடியா வெட்டியிருக்கலாமே, மாஸ்?"

"எதுக்கு இபு? முன்னால போறவங்களுக்கு வழி விட்டாப் போதும். பின்னால நீங்களும் வரலாமே."

கேட்டீர்களா? வல்லவனுக்கே வழி என்கிற உலகத்தில், வலிக்கிறவருக்கு முதல் வழி என்று எழுதி வைத்திருக்கிறார்! யாரையும் தடுக்கவில்லை, யாரையும் தள்ளவில்லை. தன் தவற்றைத் தானே சொல்லித் தானே திருத்தினார். மருத்துவருக்கும், மருத்துவச்சி இபு சுப்ரப்திக்கும், மாஸ் வியோத்தோவுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி!

ஒன்று சொல்லி அமர்கிறேன். நேற்று அவரிடம் போய், "என் தங்கச்சி கூப்பிட்டா முதல்ல வர்ற மாதிரி ஒரு குறி வச்சுக் குடு மாஸ்" என்று கெஞ்சினேன்.

அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்கும் அவங்க கூப்பிட்டது உங்ககிட்ட வந்துச்சு, இபு. நாலு தடவையும் வந்துச்சு. எடுக்குறது ரவுட்டரோட வேலை இல்ல."

முர்னியாத்தி, எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். இனி நீ கூப்பிட்டால் எடுப்பேன். பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. சோறு ஆறுகிறது, எழுந்து வாருங்கள். வணக்கம்!