ரோஜா மாதிரி இருக்கக் கூடாத ரோஜா

ரோஜான்னா ரோஜா மாதிரி மணக்கணும், அவ்வளவுதானேண்ணே? அதச் சொன்னதுக்குத்தான் மாமா என்ன அந்த மொற மொறைக்கறாரு! “ரோஜா மாதிரி இருந்தா அது சோப்புடா”ங்கறாரு. “ரோஜாவ யாரோ நெனச்சுப் பாக்கற மாதிரி இருக்கணும்”ங்கறாரு. யாருண்ணே அந்த யாரோ? கேட்டா சொல்லமாட்டேங்கறாரு.

நீங்க பாட்டுக்கு வார்னிஷ் அடிங்க, நான் இப்படி ஓரமா நின்னுக்கறேன். மாடில செண்ட் செய்யறாருல்ல, அவருதான் மாமா. தெரியாதா? உங்க தலைக்கு மேலதாண்ணே, அந்த ஜன்னல். நான் அங்கதான் வேல. பள்ளிக்கூடத்த விட்டுட்டேன். விட்டுட்டேன்னா... எனக்கும் அதுக்கும் ஒத்துவரல. “சும்மா சுத்தறதுக்கு உங்க மாமாகிட்ட பாட்டிலாவது கழுவு”ன்னு அத்தைதான் சேத்துவிட்டாங்க.

பெரிய கம்பெனி செண்டு இல்லண்ணே. கொஞ்சமா செஞ்சு, கொஞ்சம் பேருக்கு மட்டும் விக்கறது. நெறைய பேருக்குப் புடிச்சுதுன்னா மாமாவுக்குப் புடிக்காது. போன தடவ ஒண்ணு செஞ்சாரு, பேரு ‘ஈரச் சுவர்’. சும்மா சொல்லக் கூடாது, மோந்து பாத்தா ஈரச் சுவரேதான். ஒருத்தரும் வாங்கல. “நம்ம பாத்ரூம் சுவரே சும்மாதானே நிக்குது, அதயே பாட்டில்ல அடைச்சிருக்கலாமே”ன்னாங்க அத்தை. மாமா அன்னிக்குச் சாப்பிடல. இல்ல, சாப்பிட்டாரு. ஆனா எதையும் மோந்து பாக்காம.

இந்தத் தடவ ரோஜான்னாரு. சரி, ஊருக்கே தெரிஞ்ச பூவு, தப்பிச்சோம்னு நெனச்சேன். எங்க! மொதல்ல இனிப்ப எடுத்தாரு. அப்பறம் தேன் வாசனைய எடுத்தாரு. எடுத்துட்டு மிளகப் போட்டாரு. இரும்பு மாதிரி ஒண்ணு போட்டாரு. இதுக்குப் பேரு ‘இந்தக் காலத்து ரோஜா’வாம். நான் மோந்துட்டு, “மாமா, சாவிக்கொத்து வாசனை வருது”ன்னேன். “அதுக்கப்பறம்?”னாரு. “அதுக்கப்பறமும் சாவிக்கொத்துதான்”னேன். மூக்குக்கு மேல கோவம் வந்துடுச்சு. அவருக்கு எல்லாமே மூக்குதானே, கோவமும் அங்கயே வந்து ஒக்காந்துக்குது.

நேத்து அந்தம்மா வந்தாங்க. கடைங்களுக்கு சரக்கு எடுக்கறவங்க. கல்லு மாதிரி மூஞ்சி. அட்டத் துண்டுங்கள செண்டுல நனைச்சு வெச்சிருப்போம்ணே, அதத்தான் எடுத்து மோந்து பாக்கணும். ஒவ்வொண்ணா எடுத்தாங்க, மோந்தாங்க, கீழ வெச்சாங்க. மாமாவுக்கு உசுரு கையில இல்ல. கடைசித் துண்டு... எடுத்ததும் அந்தம்மா கண்ண மூடிட்டாங்க. “பூட்டிக் கெடந்த வீட்டுக் கதவ, யாரோ கைல ரோஜாவோட வந்து தட்டறாங்க”ன்னாங்க. மாமா ஒடனே, “அததான் நானும் நெனச்சேன்”னாரு. புளுகுண்ணே! பச்சப் புளுகு! “நாளைக்கு சாயங்காலம் வர்றேன், இதே வாசனை பாட்டில்ல இருந்தா எல்லாக் கடைக்கும் எடுத்துக்கறேன்”னுட்டுப் போயிட்டாங்க.

பாட்டிலத் தொறந்து மோந்தா... கதவும் இல்ல, வீடும் இல்ல. சாவிக்கொத்து.

இன்னிக்குதாண்ணே அந்த சாயங்காலம். இதுவும் போச்சுன்னா மாடிய ஒரு பல் டாக்டருக்கு விட்டுடுவேன்னு அத்தை கண்டிசனா சொல்லிட்டாங்க. மாமாவுக்கு வேற தொழில் தெரியாது. எனக்கு இருக்கவே இருக்கு பள்ளிக்கூடம். அதே பெஞ்சு, என்னவிடச் சின்னப் பசங்களோட.

காலைலேர்ந்து மனுசன் கதவத் தேடறாருண்ணே. இருக்கற பாட்டிலயெல்லாம் கலக்கறாரு. மேசைய மோந்தாரு. நாற்காலிய மோந்தாரு. என் கைய மோந்தாரு, சரி. என் தலைய மோந்தாரு, அது எனக்குப் புடிக்கல. அப்பறம் அப்படியே ஜன்னல்கிட்ட போயி நின்னுட்டாரு. அசையல. கீழ எட்டிப் பாத்தாரு. பாத்தா நீங்க. ஒரு பழைய கதவு. ஒரு டின்னு.

“துண்டையெல்லாம் டப்பால போட்டு மூடி வைக்காம, ஜன்னல் கட்டைல வெச்சது யாரு”ன்னு கேட்டாரு. என்னத் தவிர அங்க யாருண்ணே இருக்கா? டப்பா மூடி இறுகிப் போச்சு, தொறக்க வரல. ஜன்னல் தொறந்திருந்துச்சு. அந்தக் கடைசித் துண்டு விளிம்புல நின்னு, நேத்து அந்தம்மா வர்ற வரைக்கும் உங்க வார்னிஷக் குடிச்சிருக்கு. திட்டுவாருன்னு பாத்தேன். திட்டல. என் கன்னத்தத் தட்டிக் குடுத்தாரு. அதாண்ணே எனக்குக் கலக்கமா இருக்கு.

அதாவது, அந்தம்மா கேட்ட வாசனைல ரோஜா மட்டும்தான் மாமாவோடது. கதவு உங்களுது. அதுல என்ன பிசின், என்ன எண்ணெய்னு தெரிஞ்சா போதும், ஒடம்புல பூசற மாதிரி அவரே செஞ்சுடுவாராம். அந்தம்மா எத்தன கடைக்கு எடுப்பாங்கன்னு நெனைக்கறீங்க? கேட்டா மயங்கிடுவீங்க. டின்னுமேல ஒரு பேரும் காணோமேண்ணே... நீங்களே காய்ச்சறதா? வேற யாருக்கும் தெரியாதா? அட! அத மாமா கேட்டாருன்னா...

என்னண்ணே, டின்ன மூடறீங்க? கதவு பாதிதானே ஆயிருக்கு... கையெல்லாம் தொடைக்கறீங்க. சட்டைய ஏன் இழுத்து விட்டுக்கறீங்க? அண்ணே, தெரு அந்தப் பக்கம். இது மாடிப்படி... மாமா வேலையா இருப்பாருண்ணே! கொஞ்சம் நில்லுங்க... அண்ணே!

போச்சு. என்னக் கீழ அனுப்பறப்ப படிச்சுப் படிச்சுச் சொன்னாரு: “டின்னுல என்னன்னு மட்டும் கேட்டுட்டு வா. எதுக்குன்னு வாயத் தொறக்காத.”