சம்பந்தி வீட்டுக்குப் போற மீனு

சிரிக்காதீங்க பாஞ்சு அண்ணே! ஆமா, மீனு வாங்கத்தான் வந்திருக்கேன். தெனம் உங்க கடைக்கு மீனு போடுற இதே நிகுஞ்ச மண்டல்தான்... போதுமா? சந்தையே வேடிக்கை பாக்குது, பாக்கட்டும்!

நாளைக்கு என் மவனுக்கு மஞ்சப் பூசுற சடங்கு. பொண்ணு வீட்டுக்குச் சீர்த்தட்டோட பெரிய ரூய் மீனு போயாவணும்ல? நிச்சயத்தன்னிக்கே சம்பந்தி ஹல்தார்கிட்ட மார் தட்டிட்டேன். "எங்க ஏரி மீனு! என் கை நீளம் இருக்கும், துள்ளத் துள்ள வரும்"னு. இப்ப என்னடான்னா ஏரியில அத்தனையும் செத்து மெதக்குது அண்ணே!

எவனோ மதகைத் தொறந்து விட்டுட்டான்! கொல்கத்தா சாக்கடை மொத்தமும் மடமடன்னு உள்ள வந்துருச்சு. அளவா விடணும் அண்ணே, அளவா! தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி கோடிக்கணக்கா கெடக்கு. ஊரு கழிச்சதை அதுங்கதான் தின்னு எருவாக்குது. அந்த எருவுல பாசி, பாசியைத் தின்னு மீனு, அந்த மீனைத் திரும்ப ஊரு... சரி சரி, யாவார நேரத்துல அதைச் சொல்லல!

ஆனா கிருமிக்கும் மூச்சு வேணும்ல? வெயிலடிச்சாத்தான் பாசி தண்ணிக்குள்ள காத்து விடும். வானம் இருட்டிக் கெடக்கு, அன்னிக்குப் போயி தொறந்தா? கிருமிங்க விருந்தைக் கண்டுச்சுங்க, தின்னு தின்னு இருந்த காத்தையும் இழுத்துருச்சுங்க. மீனெல்லாம் வாயைப் பொளந்துகிட்டு மேல வந்து... ஐயோ! மேகமா இருந்தா மதகைத் தொடக் கூடாதுன்னு பச்சப் புள்ளைக்குத் தெரியும். தொறந்தவன் கையில கெடைக்கட்டும், கையை ஒடிக்கிறேன்!

என்ன பாக்குறீங்க? மதகுச் சாவியா? அது... என்கிட்டத்தான் இருக்கு. அதுக்கென்ன இப்போ? ஒரு சாண்தான் தொறந்தேன்! கை நீளம்னு சொல்லிட்டேன்ல, இருந்ததோ முழங்கை நீளம். கூட ரெண்டு வாய் தின்னா கொழுத்துராதான்னு பாத்தேன். அப்படியே மரத்தடியில கண்ணசந்துட்டேன்...

விடுங்க. அந்த ஐஸ் பெட்டியில கெடக்குற ஆந்திரா ரூயை எடுங்க. ஐஸ் மீனு வேணாம்னு உங்ககிட்டயே எத்தனை தடவை திட்டியிருப்பேன்... அதையேதான், எடுங்க! சீர் மீனை நம்ம வழக்கப்படி கல்யாணப் பொண்ணாட்டம் சோடிங்க, நெத்தியில குங்குமம் வைங்க, மூக்குல நத்து போடுங்க. செவப்புச் சேலையை நல்லா இழுத்துப் போத்திவிடுங்க, செவுளு தெரியக் கூடாது. ஹல்தார் மொதல்ல அதைத்தான் தொறந்து பாப்பாரு.

துள்ளலையேன்னு கேட்டா? புதுப்பொண்ணு, சபையில வெக்கப்படுதுன்னு சொல்லிக்கிறேன்!