ஒய்யைத் தனியா நிறுத்தணும்

இல்ல டீச்சர், அவளைத் திட்டாதீங்க. அதைச் சொல்லத்தான் கடையில ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு ஓடி வந்தேன். அந்தத் தப்பு எம் பொண்ணோடது இல்ல. நான் சொல்லிக் குடுத்தது.

ஆமா, அப்பாதான். நீங்க பாத்திருக்க மாட்டீங்க, மீட்டிங்குக்கெல்லாம் அவ அம்மாதானே வர்றாங்க. நாங்க தனித்தனி வீடாகி ரெண்டு வருசம் ஆகுது. பொண்ணு அங்க. நான் தையல் கடையில கட்டிங் மாஸ்டர், கடைக்கு மேலயே ஒரு ரூம்ல கெடக்கேன். கணக்குன்னா மட்டும் எனக்குப் போன் பண்ணுவா. அவ அம்மாவுக்கும் கணக்குக்கும் ஆகாது, எனக்கும் அவங்களுக்கும் ஆகாத மாதிரி. சிரிங்க டீச்சர், பரவால்ல.

எக்ஸ், ஒய்ன்னதும் திருதிருன்னு முழிச்சா. நான் துணியை வெச்சுச் சொன்னேன். இருபத்தி நாலு மீட்டர் இருக்குடா, சட்டைக்கு ரெண்டு மீட்டர், கவுனுக்கு மூணு. எக்ஸ் சட்டை, ஒய் கவுன். ரெண்டு எக்ஸ் கூட்டல் மூணு ஒய், இருபத்தி நாலு. இப்ப ஒய்யைத் தனியா நிறுத்தணும். சட்டைத் துணியை அந்தப் பக்கம் தள்ளு, வர்றதை மூணால வகுன்னேன். பாவம்ப்பா ஒய், எதுக்குத் தனியா நிறுத்தறாங்கன்னு கேட்டா. எனக்குச் சுருக்குன்னுச்சு, போங்க.

அந்தப் பக்கம் போறப்ப கூட்டல் கழித்தலாகணுமில்ல? அதை மாத்தாம இருபத்தி நாலு கூட்டல் ரெண்டு எக்ஸ்னே எழுதச் சொல்லிட்டேன். மூணு சட்டைக்குப் பத்து கவுன்னு எழுதிட்டு வந்து உங்ககிட்ட முட்டை வாங்கிட்டா.

போன வாரமும் அதே தப்பா? ஆமா, அதுவும் நான்தான். அவளைக் கணக்கு வராத பசங்க கிளாஸுக்கு மாத்தப் போறீங்களாமே. எனக்கு மூளையே இல்லப்பான்னு நேத்து போன்ல அழுதா. தாங்கல டீச்சர். அதான் வந்துட்டேன்.

நீங்க கேக்கறது நியாயம்தான். சட்டை வெட்ட வெட்டத் துணி வளருமா? இருபது வருசமா வெட்டறேன், என் கையில ஒரு கவுனுக்குக்கூடத் துணி பத்தாமப் போனதில்ல.

தெரியும். தெரிஞ்சேதான் தப்பாச் சொன்னேன்.

விடை சரியா இருந்துச்சுன்னு வைங்க, சரிப்பா, போனை வெச்சுடறேன்னுடுவா. ரெண்டே நிமிசம். அப்புறம் ஒரு வாரத்துக்கு எனக்குக் கேக்கறதுக்குன்னு ஒரு குரல் கெடையாது. தப்பாயிட்டா மறுநாளே கூப்ட்டுச் சண்டை போடுவா. மறுபடி முதல்லேர்ந்து போடுவோம், அரை மணி ஓடிடும். போன வாரம் திட்டி முடிச்சுட்டு, சாப்ட்டியாப்பான்னுகூடக் கேட்டா.

இன்னிக்குச் சாயங்காலம் சரியாச் சொல்லிக் குடுத்துடறேன். கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னாப் போதும் அவளுக்கு. கிளாஸ் மட்டும் மாத்திடாதீங்க.

வரட்டுமா? வெட்டுன துணி மேசையிலேயே கெடக்கு.

ஏன் டீச்சர், அடுத்த பாடம் கொஞ்சம் நீளமானதா?