தோணி தட்டிய சத்தம்

இங்கிலீஷ் படம் பார்க்க இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் புருசன் நோபேட் தேற்றாத்தீவிலிருந்து பஸ்ஸில் டவுனுக்குக் கூட்டிப்போனார். எனக்கு அதுதான் முதல் இங்கிலீஷ் படம். பூட்டிய அறைக்குள் பியானோ கேட்கிறது என்கிறாள் வீட்டுக்காரி. எல்லோரும் இல்லையென்று தலையாட்டுகிறார்கள். பைத்தியம் என்று அவளைக் காரில் ஏற்றும்போது, வேலைக்காரப் பெண் ஓடிவந்து தன் காதைத் தொட்டுக் காட்டி அழுகிறாள். சனம் கைதட்டியது. நான் தின்றுகொண்டிருந்த கச்சான் கடலையை மடித்து வைத்துவிட்டேன். நோபேட் என் பக்கம் திரும்பவேயில்லை.

அக்கா றீற்றாவுக்கும் ஒரு சத்தம் கேட்டது. மத்தியானத்தில், வாவியில் யாரோ தோணிப் பலகையைத் தட்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் தோணி இராது.

"தங்கச்சி, உனக்குக் கேக்குதா?" என்பாள்.

"ஒண்டும் கேக்கல்ல அக்கா."

அம்மா இல்லை. அப்பாவுக்குக் காது மந்தம். ஆகவே என் சொல்தான் சாட்சி.

தட்டியது நோபேட். கரையோரச் சதுப்பில் கண்ணாக் காட்டுக்குள் தோணியை மறைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். அப்போது அவர் அக்காவுக்குப் பேசிய மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் தாய்வீடு மூத்த மகளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார்.

முதல் தடவை பயத்தில்தான் கேட்கவில்லையென்று சொன்னேன். பிறகு பழகிவிட்டது. அக்கா காதில் பஞ்சு அடைத்தாள், சாப்பாட்டை விட்டாள், கரையில் நின்று கத்தினாள். சுவாமி வந்து ஜெபித்துப் பார்த்தார். கடைசியில் அப்பா அவளைக் கொழும்பில் பைத்திய ஆஸ்பத்திரியில் விட்டார். பேசிய கல்யாணம் குழம்பக் கூடாதென்று என்னைக் கட்டிக்கொடுத்தார். வீடும் எனக்கு வந்தது. நானாக எதையும் கேட்கவில்லை.

படம் பார்த்த மறுநாள் அப்பா கொழும்பிலிருந்து திரும்பினார். அக்கா இன்னும் அந்தத் தோணியைத்தான் சொல்கிறாளாம். உண்மையிலேயே சத்தம் இருந்திருந்தால் அவளுக்கு நோய் வருத்தம் எதுவுமில்லை, கூட்டிப்போகலாம் என்றாராம் டொக்டர். அப்பா என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"பிள்ள, மாதாவாணையாச் சொல்லு. உனக்கு ஒருநாளும் கேக்கல்லயா?"

அந்த வேலைக்காரப் பெண் நினைவுக்கு வந்தாள். என் கையும் காதுவரை போனது. கலைந்த மயிரை ஒதுக்கிக்கொண்டேன்.

"இல்லப்பா."

அப்பா வயசானவர். சுகமாக இருந்த பிள்ளையைக் கொண்டுபோய் அடைத்துவிட்டோம் என்று அறிந்தால் தாங்கமாட்டார். அவருக்காகத்தான் அப்படிச் சொன்னேன்.