மேசையைக் கீழே இறக்குங்கள்

அவைக்கும் ஆலைக்கும் சேர்த்தே தலைமையேற்று, இரண்டு நாற்காலிகளின் பாரத்தையும் ஒருவராய்ச் சுமக்கும் தலைவர் அவர்களே! அருகில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே! உழைப்பால் நரைத்த பெரியவர்களே! பசை காயுமுன் பெட்டி மடிக்கும் பதமறிந்த தாய்மார்களே! உட்கார இடமிருந்தும் கதவோரமே நின்று கேட்கும் லாரித் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

என்ன, பின்வரிசையில்? "சத்தமாப் பேசுங்கம்மா" என்கிறீர்களா? பொறுங்கள் ஐயா! பகலெல்லாம் பேசாத தொண்டை இது. சூடேறச் சற்று நேரமாகும்.

பதவி உயர்வு பெற்றுத் தலைமை அலுவலகம் செல்லவிருக்கும் என்னைப் பாராட்டத்தான் இந்தக் கூட்டம். பேசியவர்கள் எல்லாரும் என்னை வானளாவப் புகழ்ந்தார்கள். கேட்கக் கேட்க இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்க்கும் வேலை இன்னதென்று ஒருவரும் சொல்லவில்லையே! நானே சொல்லிவிடுகிறேன்.

விரித்தால் பெட்டி, விரிக்காத வரை வெறும் தட்டை அட்டை. அந்த அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, பேலட் என்னும் மரத்தட்டின்மேல் அடுக்கி, லாரியில் ஏற்றுகிறோம். எந்தக் கட்டு அடியில்? எது அதன்மேல்? விளிம்புக்கு வெளியே நீட்டாமல், மூலை நசுங்காமல், எவ்வளவு உயரம் போகலாம்? இதையெல்லாம் கணினியில் படமாக்கிக் கீழே அனுப்புவது என் வேலை. அட்டைதானே, அதில் என்ன கனம் என்பீர்கள். ஒற்றை அட்டை ஊதினால் பறக்கும். ஒன்றுகூடிய அட்டை ஓர் ஆளையே சாய்க்கும்!

என் அறை மாடியில். ஒரு மேசை, ஒரு நாற்காலி, உறுமிக்கொண்டே இருக்கும் ஒரு ஏசி. கணவர் போன பிறகு வீட்டில் பேச்சுத்துணை இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. "அப்புறம் கூப்பிடறேம்மா" என்பாள். அந்த அப்புறம் வந்து சேர வாரமாகும். வேலைக்குப் போனால் நாலு முகம் பார்க்கலாமே என்று வந்தேன். யார் முகத்தைப் பார்த்தேன்? கணினியை அணைத்ததும் கருந்திரையில் தெரியுமே, அந்த முகத்தைத்தான் பார்த்தேன்!

கீழே எனக்கொரு பெயர் உண்டு: மாடி. "மாடி படம் அனுப்பிடுச்சா?" "மாடி என்ன சொல்லுது?" அனுப்பிடுச்சாம்! சொல்லுதாம்! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் முதலில் சிரித்தவள்தான்.

சென்ற மழைக்காலத்தில் புதிதாக ஒரு நீளப்பெட்டி வந்தது. அதற்கு ஒட்டு ஒரே ஓரத்தில். ஒட்டிய பக்கம் தடிக்கும். எல்லாக் கட்டுகளையும் ஒரே வாக்கில் அடுக்கினால் ஒருபுறம் ஏறும், மறுபுறம் சாயும். எனவே ஒன்று இப்படி, அடுத்தது திருப்பி. படத்தில் அம்புக்குறி போட்டு அனுப்பிவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்தேன்.

தரை அதிர்ந்தது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பேலட் சரிந்து கிடக்கிறது. அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணின் கால் கட்டுகளுக்கு அடியில். "தூக்குங்க, தூக்குங்க!" என்று, சுமைதூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் அண்ணன் அலறுகிறார். நானும் கை கொடுத்தேன். கால் வெளியே வந்தது, கணுக்கால் புடைத்திருந்தது. வலியில் என் தோளை இறுக்கிப் பிடித்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நீங்க யாரு? புதுசா?"

"நான்தாம்மா மாடி."

"ஐயோ! மாடின்னா ஏதோ மெஷின்னு இல்ல நெனச்சேன்!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அழுதுகொண்டே அவளும் சிரித்தாள். என்னால்தான் முடியவில்லை.

"அம்புக்குறி போட்டிருந்தேனேம்மா, பாக்கலையா?"

"பாத்தேன்க்கா. எதுக்குன்னு வெளங்கல. மெஷின்கிட்ட போய் எப்படிக்கா கேக்கறது?"

அவையோரே! அவள் கேட்டதில் என்ன தவறு? ஒரே கூரை, ஒரே வாசல், ஒரே சம்பள நாள். இடையில் இருந்ததோ ஒரு படிக்கட்டு! அதை அவளும் ஏறவில்லை, நானும் இறங்கவில்லை.

எலும்பில் விரிசல். அவள் எழுந்து நடக்கும்வரை மாலைதோறும் அவள் வீட்டுக்குப் போனேன். ஒருநாள் அவள் மாமியார் கேட்டார்: "தெனமும் இங்க வந்துடறீங்களே, உங்க வீட்டுல தேட மாட்டாங்களா?" தேட ஆளேது? "சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றேன். யாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்? பூட்டிடம்!

இப்போது எனக்குப் பதவி உயர்வு. தலைமை அலுவலகத்தில் இன்னும் உயர்ந்த மாடி, இன்னும் பெரிய அறை. அங்கேயும் நான் ஒருத்திதான். தலைவர் அவர்களே, பெருமனதோடு கொடுத்ததைப் பணிவோடு திருப்பித் தருகிறேன். உயரம் வேண்டாம் ஐயா, அருகாமை வேண்டும்! அறை வேண்டாம், ஆள் வேண்டும்! என் மேசையைக் கீழே இறக்குங்கள். பேலட் அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தூசி பறக்கட்டும், ஹாரன் அலறட்டும், அங்கே போடுங்கள்!

என்ன அண்ணே? "நானே தூக்கிட்டு வர்றேன்" என்கிறீர்களா? ஃபோர்க்லிஃப்ட் படியேறாது, தோளில்தான் தூக்க வேண்டும்! மேலாளர் தலையசைக்கிறார். அது சம்மதமா, தூக்கமா? தலைவரும் சிரிக்கிறாரே! அப்படியானால் சம்மதம்தான். எல்லாரும் சாட்சி!

கூட்டம் கலைந்ததும் நான் தனியாகத்தான் வீடு போவேன், தனியாகத்தான் சாப்பிடுவேன். அதை எந்த ஆலையும் மாற்ற முடியாது. ஆனால் நாளைக் காலையில், என் படம் புரியாவிட்டால், அடுக்கு ஆடினால், நேரே வந்து என் முகத்தைப் பார்த்துத் திட்டுங்கள். வாய் வலிக்கப் பதில் சொல்கிறேன்.

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கெல்லாம் நன்றி கூறி, நாளைக்கும் சேர்த்து இப்போதே சொல்லி அமர்கிறேன்: வணக்கம்!