ரிசர்வு என்றால் எடுத்து வைப்பது

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போன எங்கள் பஸ், சாலையின் குறுக்கே வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தின் முன்னால் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் மலைக்காரப் பெண் ஒருத்தி. அவளுக்கு எதிர்ப்புறம் மலைப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார்.

"எதுக்கு சார் மரத்த வெட்டிப் போட்டுக்கீறாங்க?"

"ரிசர்வேஷன் கேக்கறாங்கம்மா."

"ரிசர்வா? ஐயோ, வாணான்னு சொல்லுங்க சார்! எங்க காட்டுல பாரஸ்ட்டுக்காரங்க ரிசர்வுன்னு போர்டு நட்டாங்க. அன்னியிலேர்ந்து ஒரு சுள்ளி பொறுக்க வுடல. போன மாசம் எங்கூட்டுக்காரரப் புடிச்சிக்கினு போயி நாள் முச்சூடும் ஒக்கார வெச்சாங்க."

வாத்தியார் சிரித்துவிட்டார். "அதே வார்த்தைதாம்மா. லத்தீன்லேர்ந்து வந்தது. எடுத்து வெக்கிறதுன்னு அர்த்தம். இவங்க படிப்புலயும் வேலையிலயும் தங்களுக்குன்னு எடம் எடுத்து வெக்கச் சொல்றாங்க."

"அப்ப எங்க காட்ட யாருக்கு சார் எடுத்து வெச்சிக்கீறாங்க?"

அவள் இறங்கிப் போய், மறியல் செய்தவர்களிடம் கேட்டாள்.

"தம்பி, இந்த மரம் ரிசர்வா?"

"இல்லக்கா, ரோட்டு மரம்."

அவர்கள் மரத்தை நகர்த்தி வழிவிடுவதற்குள் அவள் ஒரு கட்டு விறகு சேர்த்துவிட்டாள். அதை பஸ் மேல் ஏற்றிவிட்டு வந்து, வாத்தியாரிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

"எங்க ஊரு வர்ற வரிக்கும் எறங்கிடாதீங்க சார். பாரஸ்ட்டுக்காரரு மடக்குனா, இது ரோட்டு மரம்னு நீங்கதான் இங்கிலீஷ்ல சொல்லணும்."