காதைக் குடைந்த வண்டிச் சாவி

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் பஸ்ஸில், தூங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் இருந்த பெண் தன் கணவரிடம் கையை நீட்டினாள்.

"வண்டிச் சாவியக் குடுங்க. காது ஆறுற வரைக்கும் அது உங்ககிட்ட இருக்கக் கூடாது."

அவருடைய வலது காது சிவந்து வீங்கியிருந்தது. காதுக்குள் மருந்துத் திரி வைத்திருந்தார்கள்.

"சாவி என்னடி பண்ணுச்சு?"

"அதாலதான குடையறீங்க? டாக்டர் கேட்டப்ப பட்ஸுனு பொய் வேற."

"சாவினு சொன்னா சிரிப்பாருடி."

"சிரிக்கட்டும். மறுபடி குடைஞ்சா ஆஸ்பத்திரியில படுக்க வேண்டி வரும்னாரே, அது கேட்டுச்சா?"

"அரிக்குதே, என்ன பண்றது?"

"கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. வேளாவேளைக்கு சொட்டு மருந்து நான் ஊத்தறேன். ஒருக்களிச்சுப் படுத்து அஞ்சு நிமிஷம் அசையாம இருக்கணும். பௌர்ணமிக்கு மலை சுத்தப் போனாலும் தலைக்கு ஊத்திக்கக் கூடாது, காதுல தண்ணி போயிடும்."

குளிப்பாட்டியதும் குழந்தையின் காதைத் துடைக்க நான் வாங்கிய பட்ஸ் டப்பா பையில் இருந்தது. அதுவும் தவறுதானோ? டப்பாவைப் பையின் அடியில் தள்ளினேன்.

அவர் சாவியைக் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஊர் நெருங்கியதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"பஸ் ஸ்டாண்டுல வண்டி நிக்குதே, யாரு ஓட்டறது?"

"நான்தான். நீங்க பின்னாடி உக்காருங்க."

"தெருவே பேசும்டி."

"பேசட்டும். அடைச்ச காத அவங்க பக்கம் திருப்பி வெச்சுக்குங்க."